எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் ‘கார்டியா’ என்று இருக்கிறதே, அது இதயமா?

உப்புவெளிப் பெடியன்
அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக நெஞ்செரிவு. சாப்பிட்டு முடிந்தால் ஏவறை, இரவில் படுத்தால் புளித்தண்ணி தொண்டைக்கு வருகிறது. டொக்டர் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார், பார்த்தாயிற்று. ரிப்போர்ட்டில் ஒரு வரி: ‘கார்டியா – நோர்மல்’. அம்மா அதைப் படித்துவிட்டு, “இதயத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கினம், நல்லம்” என்று சந்தோஷப்பட்டு, பத்திரகாளி அம்மனுக்கு அர்ச்சனையும் செய்துவிட்டா.

எனக்குத்தான் உதைக்கிறது. வாயால் விட்ட குழாய் எப்படி இதயத்துக்குப் போகும்? ‘கார்டியாக்’ என்று கூகுளில் தட்டினால் முழுக்க இதயம்தான் வருகிறது. அந்தச் சொல்லுக்கு இரைப்பைக்குள் என்ன வேலை? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மிஸ்ஸியக்கா
தம்பி, குழாய் இதயத்துக்குப் போகாது. உணவுக்குழாய் இரைப்பைக்குள் நுழைகிற மேல்வாசலுக்குப் பெயர்தான் கார்டியா. எண்டோஸ்கோப்பி செய்கிறவர் மேலிருந்து கீழாக வரிசையாக எழுதிக்கொண்டு போவார்: கார்டியா, பண்டஸ், ‘பொடி’ (இரைப்பையின் நடுப்பாகம்), அன்ட்ரம், கடைசியில் பைலோரஸ், அதைத் தாண்டினால் சிறுகுடலின் தொடக்கமான டியோடினம். அப்பாவின் மேல்வாசல் பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த வாசல் இறுக்கமாக மூடாவிட்டால் புளித்தண்ணி மேலே ஏறும். சில பேருக்குப் பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தும் ஏறும். ஆகவே ‘நோர்மல்’ என்று போட்டிருக்கிறதே என்று மருந்தை விட்டுவிட வேண்டாம்.

இதயத்தைப் பற்றி அந்த ரிப்போர்ட் ஒன்றுமே சொல்லவில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பெயர் ஏன் அப்படி வந்தது என்றால், எங்களுக்கு வகுப்பில் “இதயத்துக்குக் கிட்ட இருப்பதால்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பழைய குருமடத்தான்
மிஸ்ஸியக்கா சொன்ன ஒரு வரி பாடப்புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் கதை அதைவிடப் பெரிது. குருமடத்தில் லத்தீனும் கொஞ்சம் கிரேக்கமும் மண்டையில் ஏற்றினார்கள். குருவாகவில்லை, மொழி மட்டும் மிஞ்சியது. அதை வைத்துச் சொல்கிறேன்.

கிரேக்கத்தில் ‘கார்தியா’ என்றால் இதயம். அதிலிருந்து ‘கார்தியாகோஸ்’ என்று பெயரெச்சம். அது லத்தீனில் ‘கார்தியாகுஸ்’, பிரெஞ்சில் ‘கார்தியாக்’, ஆங்கிலத்தில் ‘கார்டியாக்’. சொல் வந்த பாதை இவ்வளவுதான். சிக்கல் பொருளில் இருக்கிறது. பழைய கிரேக்க மருத்துவர்கள் இதே ‘கார்தியா’வை இரைப்பையின் வாய்க்கும் சொன்னார்கள்.

நல்ல சாட்சி கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். கி.மு. 430இல் ஏதென்ஸ் நகரில் ஒரு கொள்ளைநோய் வந்தது. அவரும் அதில் விழுந்து எழும்பியவர். நோய் எப்படி இறங்கியது என்று படிப்படியாக எழுதுகிறார்: முதலில் தலையில் கொதிப்பு, கண் சிவப்பு, தும்மல், குரல் கட்டு, பிறகு நெஞ்சுக்கு இறங்கிக் கடும் இருமல், அதன்பின் ‘கார்தியா’வில் போய்க் குடிகொண்டதும் அதைப் பிரட்டியெடுத்து, மருத்துவர்கள் பெயர் வைத்த அத்தனை வகைப் பித்தமும் வாந்தியாக வந்தது என்கிறார். இதயம் பிரட்டினால் பித்தவாந்தி வருமா? அவர் சொன்னது இரைப்பையை. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரிய மருத்துவர் கேலன் இதே இடத்தைத்தான் எடுத்துக்காட்டி, இரைப்பை வாய்க்கும் முன்னோர் அந்தப் பெயரைச் சொன்னார்கள் என்று வாதாடுகிறார்.

ஆக, உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் இருப்பது ஒரு மிகப் பழைய வழக்கு. பேச்சில் செத்துப்போன பொருள், உடற்கூற்றியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

நிலாவெளி மச்சான்
சேர், அப்ப ரோமாபுரியில் ‘கார்டியாக் பேஷன்ட்’ என்றால் யார்? இதய நோயாளியா, கஸ்ரைட்டிஸ்காரனா?

பழைய குருமடத்தான்
நல்ல கேள்வி. முதலாம் நூற்றாண்டில் செல்சஸ் என்பவர் லத்தீனில் மருத்துவம் எழுதினார். ‘கார்தியாகோஸ்’ என்று கிரேக்கர் சொல்லும் நோய் என்னவென்றால், இரைப்பை தளர்ந்து, அளவில்லாத வியர்வையால் உடம்பு உருகிப்போவது என்கிறார். நாடி சிறுத்து, பலவீனமாக இருக்குமாம். காய்ச்சலோடு கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, இதயத்தோடும் சேர்க்கவில்லை, இரைப்பையோடு சேர்க்கிறார்.

மருந்து என்ன தெரியுமா? வைன். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தாரே ரோம எழுத்தாளர் பிளினி, அவர் அடித்துச் சொல்கிறார்: இந்த நோயாளிக்கு ஒரே நம்பிக்கை வைன்தான் என்று.

நிலாவெளி மச்சான்
😂 இதை இப்போதே பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டப்போகிறேன். எங்கள் சித்தப்பா கேட்டால் தவறணைக்குப் போகும்போது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்.

கிண்ணியா நானா
மச்சான், சித்தப்பாவைக் கெடுக்காதீர்.

எங்கள் பக்கம் வீட்டில் ‘கல்பு’ என்று சொல்வோம். “கல்பு சுத்தமா இருக்கணும்” என்று உம்மா சொல்லுவா. அரபியில் கல்ப் என்றால் இதயம், அந்த வேர் புரளுதல், திருப்புதல் என்ற பொருளுடையது. ஓதிக்கொடுத்த ஹஸ்ரத், மனம் நிலையில்லாமல் புரண்டுகொண்டே இருப்பதால் அந்தப் பேர் என்பார். நெஞ்சு எரிந்தால் மட்டும் யாரும் கல்பு எரியுது என்று சொல்வதில்லை. அதற்கு ‘நெஞ்சு’தான்.

தொல்குடி
எல்லோரும் கிரேக்கத்துக்கே ஓடுகிறீர்கள். நம் சொல்லைப் பாருங்கள். குருதி → கருதி → கார்தி → கார்டியா. குருதியைத் தள்ளுகிற உறுப்புக்குக் குருதியின் பெயர். இதைவிடத் தெளிவு வேண்டுமா? யவனர் நம் கடற்கரைக்கு வந்துபோனார்கள் என்பது புறநானூற்றிலேயே இருக்கிறது. கப்பல் வந்தால் சொல் போகாதா? ஆங்கில அகராதி எழுதியவனுக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான்.

பழைய குருமடத்தான்
யவனர் வந்தது உண்மை. புறநானூறு 56இல் அவர்கள் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறல் வருகிறது. பிளினியின் மருந்து நமக்கும் வந்திருக்கிறது என்று மச்சான் சந்தோஷப்படலாம். சொல் போனதும் உண்மை: இஞ்சி போனது, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’ ஆனது, அங்கிருந்து ஆங்கில ‘ஜிஞ்சர்’. சரக்கோடு சரக்கின் பெயர் போகும். ஆனால் தன் நெஞ்சுக்குள் துடிப்பதற்கு ஒருவன் பெயரை இறக்குமதி செய்யும்வரை காத்திருப்பானா? ஹோமரின் பாடல்களிலேயே ‘கிரதியே’ என்ற வடிவில் இந்தச் சொல் இருக்கிறது. அது யவனர் இங்கே மிளகு வாங்க வந்ததற்குப் பல நூற்றாண்டு முந்தியது.

அதோடு, ஓசை ஒத்துப்போகிறது என்பது மட்டும் போதாது. ஒழுங்காக, பல சொற்களில், ஒரே மாதிரி ஒத்துப்போக வேண்டும். கிரேக்கத்திலும் லத்தீனிலும் க இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஹ வரும். நாய்க்குக் கிரேக்கத்தில் கியோன், லத்தீனில் கனிஸ், ஆங்கிலத்தில் ஹவுண்ட். நூறுக்கு லத்தீனில் கெந்தும், ஆங்கிலத்தில் ஹண்ட்ரட். கிரேக்க த (மெல்லோசை) ஆங்கிலத்தில் ட ஆகும்: தெக்கா, டென். இந்த இரண்டு விதியையும் ‘கார்தியா’வில் போட்டுப் பாருங்கள், ‘ஹார்ட்’ வந்து நிற்கும். ஜெர்மன் மொழியறிஞர் ஜேக்கப் கிரிம் 1822இல் வகுத்துக் காட்டிய விதி இது. ‘குருதி’யை இந்த விதிக்குள் எப்படி நுழைப்பது?

தொல்குடி
கிரிம் என்ன கடவுளா?

பழைய குருமடத்தான்
இல்லை. ஆனால் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரு தாய் மக்கள் என்று 1816இல் எல்லிசும் 1856இல் கால்டுவெலும் நிறுவியதும் இதே மாதிரி ஒழுங்கான ஒப்பீட்டை வைத்துத்தான். அதை ஏற்றுக்கொண்டு இதை மட்டும் தள்ள முடியாது.

சம்பூர் ரீச்சர்
ஐயா, ஒரு சந்தேகம். ‘இதயம்’, ‘இருதயம்’ இரண்டும் சமஸ்கிருத ஹ்ருதயத்தில் இருந்து வந்தவை என்று தமிழ்ப் பேரகராதி சொல்கிறது. அப்படியானால் நாம் கிளினிக் போர்டில் படிக்கிற ‘இருதய நோய்’ என்பதும் ‘கார்டியாக்’கும் சொந்தக்காரரா?

பழைய குருமடத்தான்
ஓம் ரீச்சர், சொந்தக்காரர்தான். ஆனால் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருக்கிற சொந்தம். ‘கெந்தும்’ சமஸ்கிருதத்தில் ‘சதம்’ ஆனது; நம் சில்லறைக்காசு சதமும் வெள்ளைக்காரனின் சென்ற்றும் ஒரே வேர். அந்த ஒழுங்கின்படி இதயமும் ‘ச்ருத்’ என்று வந்திருக்க வேண்டும். வந்ததோ ‘ஹ்ருத்’. முதல் எழுத்து மட்டும் விதிக்கு அடங்கவில்லை. வேறொரு சொல்லின் சாயல் பட்டிருக்கலாம் என்பார்கள். மற்றபடி உறவில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

எதிர்பார்த்த அந்தச் ‘ச்’ வேறொரு இடத்தில் ஒளிந்திருக்கிறது: ‘ச்ரத்தா’. நெஞ்சை வைத்தல் என்பது அதன் பழம்பொருள். நாம் ‘சிரத்தையாகப் படி’ என்கிறோமே, அது. லத்தீனில் அதே கூட்டு ‘கிரேதோ’, நம்புகிறேன் என்று பொருள். பூசையில் விசுவாசப் பிரமாணத்தின் முதல் சொல். கடையில் ‘கிரெடிட் இல்லை’ என்று எழுதி வைத்திருப்பதும் அதே. பெடியனுக்கு ஒரு சிகரெட் கடன் கொடுக்கக் கடைக்காரன் மனம் வைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிங்களத்தில் ‘ஹதவத’ என்கிறார்கள். பாளியில் ‘ஹதய’. அதே ஆள்தான். ஆஸ்பத்திரிப் போர்டில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தால் மூன்று வரியிலும் ஒரே பழஞ்சொல் மூன்று வேஷத்தில் நிற்கிறது.

தொல்குடி
அப்ப தமிழனுக்கு இதயமே இல்லை என்கிறீர்கள். நன்றி.

சம்பூர் ரீச்சர்
கோபிக்காதீங்கோ அண்ணை. நமக்கு நெஞ்சு இருக்கிறது, உள்ளம் இருக்கிறது. வள்ளுவர் காமத்துப்பாலில் ‘நெஞ்சொடு கிளத்தல்’, ‘நெஞ்சொடு புலத்தல்’ என்று இரண்டு அதிகாரமே வைத்திருக்கிறார். தலைவி தன் நெஞ்சோடு சண்டை பிடிக்கிறாள்; அங்கே ‘இதயம்’ என்று போட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நெஞ்சு என்றால் மனமும்தான், மார்பும்தான், அதற்குள் நடக்கிற எல்லாமும்தான். “நெஞ்சில் சளி”, “நெஞ்செரிவு”, “நெஞ்சுநோ”, “நெஞ்சுரம்”. நுரையீரல், இரைப்பை, இதயம், வீரம் நான்கையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறோம். கிரேக்கன் ‘கார்தியா’வில் செய்ததைவிட நாம் ஒன்றும் குறைத்துச் செய்யவில்லை.

இன்னொன்று. நாம் குண்டிக்காய் என்றால் சிறுநீரகம். தெலுங்கில் ‘குண்டெ’ என்றால் இதயம். ஹைதராபாத் மருத்துவமனை விளம்பரத்தில் ‘குண்டெ’ என்று பார்த்து என் தங்கை திடுக்கிட்டிருக்கிறாள். பழைய தமிழ் அகராதிகளில் குண்டிக்காய்க்கு இதயம் என்ற பொருளும் கிடக்கிறது. ஆட்டை உரித்து உள்ளே கைவிட்டவன் உருண்டையாக அகப்பட்டதற்கெல்லாம் ஒரே பெயர் வைத்துவிட்டான் போலிருக்கிறது என்பது என் ஊகம்.

கிண்ணியா நானா
ரீச்சர் சொன்னது இறைச்சிக்கடையில் இன்றைக்கும் நடக்கிறது 😄

அதுசரி, மானிப்பாயில் ஒரு அமெரிக்க டொக்டர் தமிழில் மருத்துவம் படிப்பித்தார் என்கிறார்களே, அவர் என்ன செய்தார்?

சம்பூர் ரீச்சர்
சாமுவேல் கிறீன். 1847இல் வந்தவர். தமிழிலேயே பாடம் நடத்தி, தமிழிலேயே டொக்டர்களை உருவாக்கினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று உடற்கூற்றியல் நூல் 1872இல் வந்தது. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடு, இல்லாவிட்டால் சமஸ்கிருதம், அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் எழுது என்பது அவர் வழி. தொல்குடி அண்ணைக்கு அவரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பாலையூற்று
நானும் ஒன்று சேர்க்கவா. நாங்கள் பறங்கியர், வீட்டில் பெரியவர்கள் பழைய போர்த்துக்கீசம் கதைப்பார்கள். போர்த்துக்கீசத்தில் இதயத்துக்குக் ‘கொரசாவ்’. அதற்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டா? அப்புறம் ‘கர்தினால்’, ‘கார்டிகன்’?

பழைய குருமடத்தான்
கொரசாவ் உண்டு. லத்தீனில் இதயம் ‘கொர்’. அதன் மேல் வால் நீண்டுதான் உங்கள் சொல். பிரெஞ்சுக்காரர் வழியாக ஆங்கில ‘கரேஜ்’ஜும் அதுவே. ‘ரெக்கோர்ட்’ என்பதும் அதுதான்: திரும்ப நெஞ்சுக்குக் கொண்டுவருதல், அதாவது நினைவுகூர்தல்.

கர்தினால் இல்லை. அது லத்தீன் ‘கார்தோ’, கதவின் பிணைச்சல். திருச்சபை சுழல்கிற அச்சு என்ற கருத்து. கார்டிகன் வேல்ஸில் ஒரு ஊர். அந்த ஊர்ப் பெயரைப் பட்டமாகக் கொண்ட ஒரு பிரபுவின் மேற்சட்டை.

உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிற இன்னொரு ஆளை விட்டுவிட்டீர்கள்: கோடியல். ‘கோர்தியாலிஸ்’, இதயத்துக்கு உகந்தது. இடைக்கால ஐரோப்பாவில் மயங்கி விழுந்தவருக்கும் நோயில் தளர்ந்தவருக்கும் இதயத்தைத் தேற்றக் கொடுத்த மருந்துத் தேறல் அது. மூலிகையும் சாராயமும் போய், சீனியும் சாயமும் எசன்சும் மிஞ்சி, இப்போது கலியாண வீட்டில் ஐஸ் போட்டுத் தருகிறார்கள். ‘கார்டியாக்’ என்றால் பயம், ‘கோடியல்’ என்றால் உபசாரம், இரண்டும் கூடப்பிறந்தவை.

உப்புவெளிப் பெடியன்
தொடக்கிவிட்டு நான் வாயைப் பிளந்துகொண்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் எப்போது இது முழுக்க இதயத்துக்குப் போனது?

பழைய குருமடத்தான்
ஒரே நாளில் போகவில்லை. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சோசர் எழுதிய கதைகளில் ஒரு விடுதிக்காரன், ஒரு பெண்பிள்ளையின் துயரக் கதையைக் கேட்டு எனக்கே ‘கார்டியாக்கிள்’ வரப்பார்த்தது என்கிறான். நெஞ்சுவலி மாதிரி ஒன்று. தீர்வாக அவன் கேட்பதில் ஒன்று, ஒரு மடக்கு புது ஏல், அதாவது பியர்! பிளினி செத்தும் கெடுத்தார். பெயரெச்சமாகக் ‘கார்டியாக்’ 1600ஐ ஒட்டி ஆங்கிலத்தில் நிலைக்கிறது. அப்போதும் இரைப்பைப் பொருளும் கூடவே வந்தது.

1628இல் வில்லியம் ஹார்வி, இதயம் ஒரு பம்பி மாதிரிக் குருதியைத் தள்ளிச் சுற்றவிடுகிறது என்று நிறுவினார். 1816இல் லெனெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தார். இதயத்தைத் தனியாகக் கேட்க முடிந்தது. ஐன்தோவன் அதன் மின்சாரத்தைக் கோடாக வரையவைத்து 1924இல் நோபல் பரிசு வாங்கினார். உறுப்பைத் தனியாகப் பிரித்துப் பார்க்கக் கருவி வரவரத்தான் சொல்லும் பிரிந்தது என்று நான் நினைக்கிறேன். அதற்கு முன் வைத்தியனுக்குக் கிடைத்தது நோயாளி கைவைத்துக் காட்டிய இடம் மட்டும்தானே. நோயாளி எங்கே கைவைப்பான்?

மிஸ்ஸியக்கா
நான் சொல்கிறேன் எங்கே வைப்பான் என்று. நெஞ்செலும்பு முடிகிற குழியில். இரைப்பைக்காரனும் அங்கேதான் வைப்பான், இதயக்காரனும் அங்கேதான் வைப்பான்.

காரணம் இருக்கிறது. இதயத்தில் இருந்தும் உணவுக்குழாயின் கீழ்ப்பக்கத்தில் இருந்தும் வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் முள்ளந்தண்டின் மேல்நெஞ்சு மட்டத்தில் ஏறக்குறைய ஒரே இடங்களில் நுழைகின்றன. மூளைக்கு எந்த வீட்டில் இருந்து சத்தம் வருகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அதோடு இதயத்தின் அடிப்பக்கம் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, நேர்கீழே இரைப்பை. அந்த அடிப்பக்கத்தில் அடைப்பு வந்தால் மேல்வயிற்றில் நோ, ஓங்காளம், சத்தி. அசல் கஸ்ரைட்டிஸ்.

வார்ட்டில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தேன். “ஒன்றுமில்லை மிஸ்ஸி, கொத்துரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை” என்பார். கையில் அமிலக்குளிசைப் பட்டை, பாதி முடிந்திருக்கும். நெற்றியில் மட்டும் குளிர்ந்த வியர்வை முத்துமுத்தாக நிற்கும், சட்டையின் முதுகு நனைந்திருக்கும். இ.சி.ஜி. எடுத்தால் கதை வேறு. சீனி வருத்தக்காரருக்கும் பெண்களுக்கும் நெஞ்சுநோ பெரிதாக இல்லாமலே வரும், சோர்வும் ஓங்காளமும் மட்டும். குருமடத்து ஐயா சொன்ன செல்சஸின் நோயாளியை, வியர்வை, தளர்ந்த நாடி, சோர்வு என்று வாசிக்கும்போதே எனக்கு இ.சி.ஜி. மெஷினை இழுத்துக்கொண்டு ஓடத்தான் தோன்றியது. வைன் பிறகு பார்க்கலாம்.

தம்பி, அப்பாவுக்கு எரிவு சாப்பாட்டோடு வந்து, குனிந்தால் கூடி, மருந்துக்கு அடங்கினால் சரி. நடந்தால், படியேறினால் வந்து, நின்றால் விடுகிறது என்றால், அல்லது தாடைக்கோ கைக்கோ ஓடுகிறது, வியர்க்கிறது என்றால் சோடா குடித்துப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

நிலாவெளி மச்சான்
மிஸ்ஸியக்கா, நீங்கள் முதலில் சொன்ன ‘பைலோரஸ்’ என்ன? அதுவும் ஏதாவது உறுப்பைத் திருடிக்கொண்டு வந்ததா?

பழைய குருமடத்தான்
அதற்கு நான் பதில் சொல்லலாமா அக்கா? கிரேக்கத்தில் ‘பிலோரோஸ்’ என்றால் வாயிற்காவலன். இரைப்பையில் இருந்து குடலுக்கு எதை, எப்போது விடுவது என்று பார்த்துக்கொண்டு கோணேசர் கோவில் துவாரபாலகர் மாதிரி நிற்கிறான். அடுத்த டியோடினம், பன்னிரண்டு என்ற சொல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ் பன்னிரண்டு விரலகல நீளம் என்று அளந்து வைத்த கிரேக்கப் பெயரின் லத்தீன் வடிவம்.

தொல்குடி
காவலன், விரல் எல்லாம் ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறான். கார்டியாவில் மட்டும் குழப்பிவிட்டான். நம் ‘நெஞ்சு’ தேவலை. குருதி பற்றி நான் தனி இழை தொடங்குவேன்.

சம்பூர் ரீச்சர்
தொடங்குங்கோ அண்ணை, நானும் வாறன்.

மருத்துவபீட மாணவி
இவ்வளவு நாளும் சத்தமில்லாமல் வாசித்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். போன கிழமை சத்திரசிகிச்சைப் பட்டியலில் ‘கார்டியோமயோட்டமி’ என்று இருந்தது. இதய ஒப்பரேஷன் இங்கே எப்படி என்று எங்கள் குரூப்பில் எல்லோரும் முழித்தோம். இந்த இழையை வாசித்த பிறகு சந்தேகமாக இருக்கிறது. அதுவும் இந்தக் கார்டியாதானா?

மிஸ்ஸியக்கா
அதேதான் பிள்ளை. அக்கலேசியா என்று ஒரு வருத்தம், மேல்வாசல் தளராமல் இறுகியே இருக்கும், விழுங்கியது இறங்காது. முன்பு அதைக் ‘கார்டியோஸ்பாசம்’ என்றே சொல்வார்கள். அந்த வாசலின் தசையை நீளவாக்கில் வெட்டித் தளர்த்துவதுதான் இது. எர்ன்ஸ்ட் ஹெல்லர் என்ற ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் 1913இல் முதலில் செய்தது. நோயாளியின் வீட்டார் பட்டியலைப் பார்த்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள், அதனால் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போதே ‘இது சாப்பாடு இறங்குகிற வாசல்’ என்று தமிழில் சொல்லிவிடுங்கள்.